சேர்வராயன் மலைக்கு ஒரு நாவல் வேண்டும்

ஆண்டு பிறந்ததும், ‘இவ்வாண்டில் ஐம்பது புத்தகம், நூறு புத்தகம்’ என்று சங்கற்பம் செய்துகொள்ளும் வழக்கம் இப்போது படித்த இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. படிக்கும் ஆவலே அருகிவருகிற காலத்தில், எந்த வழியிலாவது அந்த ஆவலை வளர்த்துக்கொள்ள முனைகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், வாசிப்பைத் தொகையால் அளக்கத் தொடங்கிய மாத்திரத்திலேயே, தடித்த நூல்களும், நிதானத்தைக் கோருகிற நூல்களும், இரண்டாம் முறை படிக்கும்போதுதான் தம் சாரத்தைக் காட்டுகிற நூல்களும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடுகின்றன. எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு கேள்வியை இலக்காக வைத்துக்கொள்ளும் வாசகனுக்கு, எந்த நூலை எடுப்பது, எதை ஒதுக்குவது, எதற்குத் திரும்பிப் போவது என்பதெல்லாம் தாமாகவே தெளிவாகிவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

என் கேள்வி நான் குடியிருக்கும் இடத்திலிருந்து பிறந்தது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைகிறவர்கள், ஏரியையும் பகோடா முனையையும் கிளியூர் அருவியையும், மே மாதமானால் மலர்க் கண்காட்சியையும் பார்த்துவிட்டு, காப்பிப் பொடியும் மிளகும் வாங்கிக்கொண்டு மறுநாளே இறங்கிவிடுகிறார்கள். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும், அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகளும், பனிக்காலத்தில் சிவந்த பழம் பறிக்கும் பெண்களும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட மலையாளி என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர்களுமாக விரிந்து கிடக்கும் இந்தச் சேர்வராயன் மலை, தமிழ் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. சில ஆண்டுகளாக என் வாசிப்பு முழுவதும் அதைச் சுற்றியே நடந்து வருகிறது.

மலையில் புத்தகங்களைக் காப்பாற்றுவது தனி உழைப்பு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், காலை பத்து மணி வரையில் கலையாத மூடுபனி சாளர இடுக்குகள் வழியே புகுந்து, அட்டைகளை வளைத்து, முதுகுப் பசையை இளக்கி, தாள்களின் ஓரத்தில் தேமல் படர்ந்தாற்போல் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கிவிடும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சுவரின் ஈரம் முழுவதும் பின்வரிசைப் புத்தகங்களுக்குப் போகும். ஒரு சாண் இடைவெளி விட்டே வைக்க வேண்டும். வேப்பிலையும் வசம்பும் பூச்சிகளை ஓரளவு தடுக்கும். பூஞ்சைக்கு அவற்றால் பயனில்லை. தை பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும், எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நேர் வெயில் படாமல் தாழ்வாரத்தில் பிரித்து வைத்து உலர்த்துவது இங்கே புத்தகம் வைத்திருப்பவனுடைய வருஷாந்தரக் கடமை. அப்போதுதான் எந்த நூலை எத்தனை முறை கைதொட்டோம் என்பதும் தெரியவருகிறது. தொடாத நூலில் பூஞ்சை முதலில் ஏறுகிறது.

மலையைத் தேடிப் புறப்படும் தமிழ் வாசகன் சங்க நூல்களிலிருந்தே தொடங்கியாக வேண்டும். குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், பின்னர் விரிவான உரையோடு 1937இல் உ.வே.சாமிநாதையரும் பதிப்பித்தார்கள், அந்தப் பின்னைய பதிப்பு என் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் இருக்கும். குறிஞ்சிப்பாட்டில், ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் தன்மையை உணர்த்த வேண்டி அதை இயற்றினார் என்று சொல்லப்படும் கபிலர், 261 அடிகளுக்குள் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிச் செல்வதை, மனப்பாடத்துக்கான ஜாபிதா என்று பள்ளிப் பருவத்தில் கடந்துபோகாதவர்கள் சிலரே இருப்பார்கள். மலையில் வாழ்ந்துகொண்டு அதே பகுதியைப் படிக்கும்போது அது வேறு விதமாகப் புலப்படுகிறது. வெளியூரானுக்குத் தன் நிலத்தை அறிமுகப்படுத்த முற்பட்ட கவி, அதன் அழகைப் பற்றிப் பொதுப்படையாகப் பேசாமல், அங்கே பூக்கும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி முன்வைத்தார் என்றால், ஓரிடத்தை எழுதுவதற்கு அதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் எந்த விமரிசன நூலிலும் கண்டதில்லை.

இந்த மலையின் வடக்கே தகடூர், இன்றைய தருமபுரி, ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் ஊர். தென்கிழக்கே கொல்லிமலை, வல்வில் ஓரியின் மலை. இரண்டும் பாட்டில் ஏறிவிட்டன. நடுவிலுள்ள சேர்வராயனுக்கு அந்தப் பாக்கியம் கிட்டியதாகத் தெரியவில்லை.

நவீன உரைநடைக்கு வந்தால், மலையைப் பற்றிய தமிழ் நாவல்களில் நான் மறுபடி மறுபடி எடுக்கும் நூல்கள் சில உண்டு. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ 1963இல் வந்தது. மின்வாரியப் பொறியாளரான கணவருடன் நீலகிரியில் வசித்த காலத்தில், அங்குள்ள படகர்களின் வாழ்க்கையைக் கிட்ட இருந்து கவனித்த சிரத்தை அதன் ஒவ்வோர் அத்தியாயத்திலும் தெரிகிறது. பழைய வழக்கங்களில் ஊன்றி நின்ற ஒரு சமூகத்தினிடையே பணமும் படிப்பும் தேயிலையும் வந்து புகும்போது, உறவுகள் எப்படி இடம் மாறுகின்றன என்பதை, எந்தப் பக்கத்துக்கும் வழக்கறிஞராகாமல் அவர் சொல்லிச் செல்கிறார். தோட்ட மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் எழுதி, இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்த நூல் வேறு வகையைச் சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் வார்த்தையை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கருப்பன், வள்ளி என்னும் தம்பதியின் கதையைப் படித்த பிறகு, எந்தத் தோட்டத்தின் பசுமையையும் முன்போல் வெறும் கண்காட்சியாகப் பார்த்து ரசிக்க இயலாது. கலை நயத்தில் குறை உண்டு. ஆனால் அதிலுள்ள சத்தியம் அந்தக் குறையை மறக்கச் செய்கிறது. ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான்.

ஜெயமோகனின் ‘காடு’ மொழியழகில் இவை அனைத்தையும் விஞ்சுகிறது. கபிலரின் குறிஞ்சியை இக்கால இளைஞன் ஒருவனின் மோகத்தோடு இணைக்கும் பக்கங்கள் தமிழ் உரைநடையின் சாதனை. என்றாலும் அது மலைக்குப் போய்வந்தவனுடைய நாவல். மலையிலேயே பிறந்து மலையிலேயே வேலை செய்து மலையிலேயே கடன்படுகிறவர்கள் அதில் அவனுடைய ஞாபகத்தின் ஓரத்தில்தான் வருகிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு மிக அருகில் வந்தவர் கு.சின்னப்ப பாரதி. நாமக்கல் வட்டாரத்தில் பிறந்து, ‘தாகம்’ என்ற நாவலில் உழவர்களையும் ‘சர்க்கரை’யில் ஆலைத் தொழிலாளரையும் எழுதிய அவர், ‘சங்கம்’ என்ற நாவலில் கொல்லிமலை மக்கள் ஒன்றுகூடி உரிமை கேட்ட கதையைச் சொன்னார். அவர் கொள்கை எதுவென்று ஒளிக்கவில்லை. பாத்திரங்கள் சில இடங்களில் மேடைப் பேச்சாளர்களாகிவிடுகிறார்கள் என்ற குறையும் நியாயமானதே. ஆனால் வட்டிக்காரனிடமும் வன அதிகாரியிடமும் மலைவாசி கைகட்டி நிற்கும் நிலையை, அருகிலிருந்து பார்த்தவருக்கே கைவரும் விவரங்களோடு எழுதியிருக்கிறார். அந்த நூலைப் படித்து முடித்த அன்றுதான், பக்கத்து மலைக்குக் கிடைத்தது நம் மலைக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உறுதிப்பட்டது.

சேர்வராயனைப் பற்றி எழுத்தே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பிப் பயிரை இங்கே கொண்டுவந்தது முதல், வெள்ளைக்காரர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது; ரிச்சர்ட்ஸ் தொகுத்த கெஜட்டியர் 1918இல் வந்தது; இடையில் 1909இல் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலில் மலையாளிகளைப் பற்றிய கட்டுரை இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். அவருடைய நினைவுச் சின்னம் இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. இவர்களுடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நில அளவு, மழையளவு, வரி, பயிர், சடங்கு எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களில் நடமாடும் மலைவாசி ஒருவனுக்கும் சொந்தப் பெயர் இல்லை, சொந்தத் துக்கம் இல்லை. கையேடு வரி வாங்குகிறவனுக்காக எழுதப்படுவது. வரி கொடுக்கிறவனுடைய மனம் அதில் எப்படி வரும்?

இந்த நிலையில் எனக்கு வழிகாட்டியாக இருப்பவர் க.நா.சுப்ரமண்யம். வலங்கைமானில் 1912இல் பிறந்து 1988இல் மறைந்த அவரை, தமிழகம் கண்ட மாபெரும் வாசகர் என்றே நான் முதலில் சொல்வேன்; ‘பொய்த்தேவு’ எழுதிய நாவலாசிரியர் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வேன். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று தலைப்பிலேயே வாசகனை நேராகக் கேட்டு, நல்ல நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் எழுதிய கட்டுரைகள், இன்றும் ஒரு புதிய வாசகனுக்கு நான் முதலில் தரும் நூல். இதை நான் விரும்புகிறேன், இன்ன காரணத்தால் விரும்புகிறேன், இது எனக்கு உவப்பாக இல்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. பிரபலப் பத்திரிகைகளின் தொடர்கதைகளைப் பற்றி அவர் கூறிய கருத்துகள் அந்நாளில் எத்தனை மனஸ்தாபங்களை உண்டாக்கின என்பது இலக்கிய சரித்திரம் அறிந்தவர்களுக்குத் தெரியும். கல்கி விஷயத்தில் நான் அவரோடு முழுதும் உடன்படுகிறவன் அல்லன். லட்சக்கணக்கானவர்களுக்கு வாசிக்கும் பழக்கத்தையே உண்டாக்கிய ஒரு கதாசிரியரை, ஆழம் போதாது என்ற ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமாகாது. ஆனால் கல்கியோடு நின்றுவிடுகிற வாசகன் தன் ரசனைக்குத் துரோகம் செய்கிறான் என்று க.நா.சு. சொன்னால், அதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை.

அவர் தமிழுக்குக் கொண்டுவந்த வடதேசத்து நாவல்களில்தான் என் கேள்விக்கு உண்மையான வெளிச்சம் கிடைத்தது. நார்வே நாட்டு க்னுட் ஹாம்சன் 1917இல் எழுதிய நாவலை ‘நிலவளம்’ என்று அவர் மொழிபெயர்த்தார். யாருமற்ற காட்டுப் பூமிக்கு ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்துவரும் ஐசக் என்பவன், மரம் வெட்டி, குடில் கட்டி, ஆடு வளர்த்து, ஒரு மனைவியைப் பெற்று, அந்த நிலத்தைத் தனதாக்கிக்கொள்ளும் கதை அது. அதிலுள்ள மண்வெட்டிக்கும் கதிரரிவாளுக்கும் கூட ஒரு கௌரவம் உண்டு. ஹாம்சன் முதிய வயதில் நாஜிகளை ஆதரித்தார். நோபல் பதக்கத்தையே கோயபெல்ஸுக்குக் கொடுத்தார். அதை மன்னிக்க எனக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை. நாவலை மட்டும் விட மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

எனினும் நம் மலைக்கு முன்மாதிரியாக நான் காட்ட விரும்புவது ஸ்வீடன் நாட்டு செல்மா லாகர்லெவ் எழுதிய ‘மதகுரு’வைத்தான். பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில், 1891இல், அவர் வெளியிட்ட முதல் நாவல் அது. 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. தாம் பிறந்த வார்ம்லாண்டு வட்டாரத்தில், சிறு வயதில் வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்ட பழங்கதைகளை, பதவி இழந்த ஒரு மதகுருவையும் ஒரு பெரிய மாளிகையில் ஒட்டிக்கொண்டு வாழும் வீரர்கள் கூட்டத்தையும் மையமாக்கி, அவர் காவியம்போல் கோத்துவிட்டார். அக்கதை நிகழும் காலம் 1820கள். இந்த மலையில் முதல் காப்பிக் கன்று ஊன்றப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். ஏரியும் காடும் சுரங்கமும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு வட்டாரத்தை உலக இலக்கியத்தில் ஏற்றியவர் ஓர் ஆசிரியை; அவர் கையிலிருந்த மூலதனம் கேட்ட கதைகளே.

அப்படிப்பட்ட கதைகள் இங்கே இல்லையா? பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு மாலை, கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்திருந்த மலையாளி மூதாட்டி ஒருவர், என் கையில் இருந்த பழைய நூலைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். அவருடைய மூதாதையரான மூன்று சகோதரர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலைக்கு ஒருவராகப் பிரிந்துபோன கதை அதில் எழுதியிருக்கிறது என்றேன்.

“யாரு எந்த மலைக்குப் போனாங்கன்னு போட்டிருக்குதுங்க சாமி?” என்றார்.

“ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமாச் சொல்றாங்கன்னு தெரியுதுங்கம்மா.”

“மூத்தவரு இங்கதானுங்க வந்தாரு. கல்ராயன் மலைக்காரங்களைக் கேட்டா, அவங்ககிட்டதான் வந்தாருன்னு சொல்லுவாங்க. அதை ஒத்துக்காதீங்க.”

அதன் பிறகு அவர், சேர்வராயன் சாமியும் காவேரியம்மனும் குடிகொண்ட உச்சிக் குகையைப் பற்றியும், அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம் வரை போகிறது என்ற நம்பிக்கையைப் பற்றியும், திருவிழாக் கூட்டத்தில் ஊர் ஊராக வந்து நிற்கும் முறையைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். தன் குலத்தின் மூத்தவன் எந்த மலையேறினான் என்பதை நேற்று நடந்த பாகப் பிரிவினையைப்போல் வழக்காடும் ஒரு குரலை நான் எந்தக் கெஜட்டியரிலும் கேட்டதில்லை. அந்தக் குரல் ஒன்றே ஒரு நாவலின் முதல் அத்தியாயத்துக்குப் போதும்.

பத்திரிகைக் கதைகளிலும் சினிமாவிலும் ஏற்காடு வராமல் இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்றும் ஏற்காடு சாலையோரத்தில் நிற்கிறது. அந்த நிறுவனத்துக்கு இந்த மலை கைக்கெட்டும் படப்பிடிப்புக் களமாக இருந்தது. ஆனால் அங்கெல்லாம் ஏற்காடு புதுமணத் தம்பதிகள் வந்து தங்கும் இடம்; இங்கு வேலை செய்கிறவர்கள் பெட்டி தூக்குகிற நிமிஷத்துக்கு மட்டும் தோன்றி மறைவார்கள். நான் எதிர்பார்க்கும் நாவலில் காப்பி விலை விழுந்த ஆண்டில் தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும் துரையும், அதை வாங்கும் சேலத்து வியாபாரியும், பாக்சைட்டுக்காகத் தோண்டப்பட்ட நிலமும், 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளியின் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் வளரும் இருவேறு குழந்தைப் பருவங்களும் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழக்கூடையின் கனம் தெரிந்த ஒரு பெண்ணின் பார்வையில் அது சொல்லப்பட வேண்டும்.

இதற்குச் செய்ய வேண்டிய காரியங்கள் சில நம் கையிலேயே இருக்கின்றன. அடிவாரத்துச் சேலத்துக்கு வாசிப்பில் நல்ல பரம்பரை உண்டு. 1920ஆம் ஆண்டு நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த சேலம் விஜயராகவாச்சாரியார் பெயரால் நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் இருக்கின்றன. இந்த நகராட்சியின் தலைவராக இருந்த ராஜாஜி, சிறைவாசத்தைக்கூடப் படிப்புக்கும் எழுத்துக்கும் பயன்படுத்திக்கொண்டவர். 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டி வருகிறோம். அந்தப் பணத்தில், மலைப்பகுதி நூலகங்கள் ஒவ்வொன்றிலும் அந்தந்த மலையைப் பற்றிய நூல்களுக்கென்று ஓர் அலமாரியாவது இருக்க வேண்டும் என்று நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். லெ ஃபானுவையும் ரிச்சர்ட்ஸையும் தமிழில் பெயர்த்து அங்கே வைக்க வேண்டும். ‘சங்கம்’ போன்ற நாவல்கள் கிடைக்காமல் போகாதபடி பதிப்பாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் மலையேறி வருகிறவர்கள், படித்து முடித்த ஒரு நல்ல நூலை ஏதேனும் ஒரு மலையூர்ப் பள்ளிக்கு விட்டுச் சென்றால் அதுவும் பேருதவி.

முக்கியமான வேண்டுகோள் இங்குள்ள ஆசிரியர்களுக்கும், மலைக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கும். உங்கள் பாட்டிமார் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே, எதையும் மெருகேற்றாமல், இப்போதே எழுதி வையுங்கள். நாவல் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அதற்கான பயிற்சியை ‘மதகுரு’வும் ‘நிலவளமு’ம் ‘சங்க’மும் தரும், அந்த நூல்களை இரவல் கொடுக்க நான் இருக்கிறேன். நீங்கள் எழுதி அச்சேறும் நூலை, வெளிவந்த அன்றே விலை கொடுத்து வாங்குவேன்.